சொல்லிச் செய்விக்கும் பூல் கியூ: எந்தப் பகுதிக்குப் பணம் கொடுக்கிறோம்?

கொழும்பில் பூல் மேசை உள்ள எந்த இடத்திலும் 'கஸ்டம் கியூ', அதாவது சொல்லிச் செய்வித்த ஆட்டத் தடி, என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. இரண்டாகத் திருகிப் பையில் வைக்கக்கூடிய எதற்கும் அந்தப் பெயர்தான். பூவேலை அச்சிட்ட தாளை ஒட்டி வார்னிஷ் பூசிய தொழிற்சாலைக் கியூவும் கஸ்டம். ஒரு கைவினைஞர் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கடைந்து எடுத்ததும் கஸ்டம். இதோடு இன்னும் இரண்டு நம்பிக்கைகள் சேர்ந்து வருகின்றன: விலை கூடினால் பந்து நேராகப் போகும், வேலைப்பாடு கூடினால் அடி கனமாக விழும். இவற்றை நம்பி முதல் கியூவை வாங்குபவர், ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லாத பகுதிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, தேவையான பகுதியில் கஞ்சத்தனம் காட்டிவிடுகிறார்.

ஒரு கியூவில் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் பகுதி வேறு, கைத்திறன் தெரியும் பகுதி வேறு. இரண்டுக்கும் பணம் கொடுக்கலாம், அதில் தவறில்லை. எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

முதலில் பகுதிகள்

பூல் கியூவின் வழக்கமான நீளம் 58 அங்குலம், ஏறக்குறைய 147 செ.மீ. நடுவில் திருகிப் பிரித்தால் மெலிந்த முன்பாதி ஷாஃப்ட், தடித்த பின்பாதி பட். இரண்டும் சேரும் இடம் ஜொயின்ட். ஷாஃப்டின் நுனியில் பந்தைத் தொடும் தோல் துண்டுதான் டிப். டிப்புக்குக் கீழே, மரம் பிளந்துவிடாமல் காக்கும் சிறு குழாய் ஃபெரூல். பட்டில் ஜொயின்டுக்கும் கைப்பிடிக்கும் இடைப்பட்ட நீளத்தை ஃபோர்ஆம் என்பார்கள். கண்ணைப் பறிக்கும் கூர்முனை வேலைப்பாடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பூல் பரவுவதற்கு முன்பே கொழும்பு பில்லியட்ஸும் ஸ்னூக்கரும் ஆடிய நகரம். எம்.ஜே.எம். லாபீர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்றார். அந்த மரபினால் இங்கே பலருடைய கைக்கு முதலில் வருவது ஸ்னூக்கர் கியூவாகவே இருக்கிறது. அதைப் பூலுக்குப் பாவிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்னூக்கர் கியூவின் டிப் 9 முதல் 10 மி.மீ., ஃபெரூல் பித்தளை, அடிக்கும் பந்து 52.5 மி.மீ. பூல் கியூவின் டிப் 11.75 முதல் 13 மி.மீ., பந்து 57.15 மி.மீ., அந்தப் பந்தின் பாரமும் கூடுதல். மெதுவாக ஆடினால் சமாளிக்கலாம். அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக்கை முழு வேகத்தில் அடித்தால் சிறிய டிப் நசுங்கும், மெலிந்த நுனி மரத்தில் வெடிப்பு விழும். பூலுக்கு வேறு கியூ வைத்திருப்பதே நல்லது.

ஆயிரத்தில் ஒரு விநாடி

டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டு நிற்கும் நேரம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி. அடியின் அதிர்வை நீங்கள் கையில் உணரும்போது பந்து புறப்பட்டுவிட்டது. ஆகவே கையில் உணரும் 'நல்ல அடி' நடந்து முடிந்ததைப் பற்றிய செய்தி. பந்தின் பாதையை அது மாற்றாது.

பாதையை மாற்றுவது எது? பந்தின் நடுவில் அடித்தால் கியூ காட்டும் திசையிலேயே பந்து போகும். சைட் போடுவதற்காக, அதாவது பந்துக்குப் பக்கச் சுழற்சி கொடுப்பதற்காக, வலப்பக்கம் அடித்தால், வெள்ளைப் பந்து கியூ காட்டும் திசையிலிருந்து சற்று இடப்பக்கம் விலகிப் புறப்படும். இந்த விலகலுக்குத்தான் டிஃப்லெக்ஷன் என்று பெயர். சுழலத் தொடங்கும் பந்து டிப்பை வலப்பக்கம் தள்ளுகிறது, டிப் பந்தை இடப்பக்கம் தள்ளுகிறது. யார் கூடுதலாக விலகுவார் என்பதைப் பாரம் முடிவு செய்கிறது.

பேரை வாவியில் ஒரு படகில் இருந்துகொண்டு பக்கத்துப் படகைக் கையால் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது சிறிய வெறும் படகானால் அது விலகிப் போகும், நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். அதில் ஆறு பேர் இருந்தால், விலகுவது நீங்கள் இருக்கும் படகுதான். கியூவின் நுனி பாரமாக இருந்தால் பந்து விலகும். நுனி இலேசாக இருந்தால் நுனி விலகிக்கொள்ளும், பந்து ஏறக்குறைய நேராகப் போகும்.

அந்த ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் பக்கவாட்டு அசைவு ஷாஃப்டில் அதிக தூரம் ஓடிப் போக முடியாது. நுனியிலிருந்து ஒரு சாண் நீளம், சுமார் 15 முதல் 20 செ.மீ., மட்டுமே இந்தக் கணக்கில் சேரும். பின்னால் உள்ள பட் கருங்காலியா, மேப்பிளா, ஜொயின்ட் எஃகா, மரமா என்பதெல்லாம் டிஃப்லெக்ஷனைத் தொடுவதே இல்லை.

விலகல் சிறிதுதானே என்று விட்டுவிடவும் முடியாது. 2 பாகை விலகினால் 1 மீற்றர் தூரத்தில் பந்து 3.5 செ.மீ. தள்ளிப் போய்ச் சேரும். பந்தின் அரைவாசி அகலமே 2.9 செ.மீ. தான். அதனால் சைட் போட்டு ஆடுபவர்கள் அந்த விலகலைக் கணக்கில் எடுத்துச் சற்று மாற்றிக் குறி பார்க்கப் பழகுகிறார்கள்.

1990களில் பிரெடேட்டர் போன்ற நிறுவனங்கள் நுனியின் பாரத்தைக் குறைத்துச் செய்த ஷாஃப்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. நுனிக்குள் துளை போடுவது, ஃபெரூலைக் குட்டையாக்குவது, விட்டத்தைக் குறைப்பது என்று வழிகள் பல. இப்போது காபன் ஃபைபர் குழாயிலும் ஷாஃப்ட் வருகிறது. இவை கூடுதல் சைட் தரும் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு வேகத்தில் அடிக்கிறோம் என்பதுதான் சுழற்சியைத் தருகிறது. இலேசான நுனி செய்வது, குறி பார்க்கும்போது நாம் கூட்டிக் கழிக்கும் கணக்கைக் குறைப்பது மட்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பந்து எப்படிப் போகும் என்பதை டிப்பும் ஷாஃப்டின் முன் ஒரு சாணும் தீர்மானிக்கின்றன. பட் தருவது பாரம், சமநிலை, பிடியின் வசதி, கைக்கு வரும் உணர்வு.

கூர்முனைகள் ஏன் வந்தன

அப்படியானால் பட்டுக்கு ஏன் இவ்வளவு விலை? அதைப் புரிந்துகொள்ள ஃபோர்ஆமில் தெரியும் கூர்முனைகளைப் பார்க்க வேண்டும். அவை அலங்காரமாகப் பிறந்தவை அல்ல. முன்பக்கம் இலேசான மேப்பிள், பின்பக்கம் பாரமான கருங்காலி அல்லது ரோஸ்வுட் என்று இருந்தால்தான் கியூ கையில் சமநிலையாக இருக்கும். ஆனால் இரண்டு தடிகளை முனைக்கு முனை வைத்துப் பசை போட்டால் நிற்காது. நார் வெட்டுப்பட்ட முகத்தில் பசை சரியாகப் பிடிக்காது. அதனால் இரண்டு மரத்தையும் நீளமான ஆப்பு வடிவில் வெட்டி, ஒன்றின் விரல்களுக்குள் மற்றதன் விரல்கள் போகும்படி கோத்து ஒட்டினார்கள். பசை பிடிக்கும் பரப்பு பல மடங்கு கூடியது. பின்பு உருண்டையாகக் கடைந்தபோது அந்த ஆப்புகள் கூர்முனைகளாக வெளியே தெரிந்தன. இந்தக் கோப்புமுறைக்கு முழு ஸ்ப்லைஸ் என்று பெயர்.

இன்று கைவினைஞர்கள் கூடுதலாகச் செய்வது அரை ஸ்ப்லைஸ். ஃபோர்ஆம் மரத்தில் நான்கு பக்கமும் V வடிவப் பள்ளம் வெட்டி, வேறு மரத்தின் ஆப்புகளை அதில் ஒட்டுகிறார்கள். ஆப்புக்கும் பள்ளத்துக்கும் இடையே சாயமேற்றிய மெல்லிய மரத்தாள்களை அடுக்கினால் கூர்முனையைச் சுற்றி நிறக்கோடுகள் வரும். இந்தத் தாள்களை வெனியர் என்கிறார்கள். பின்பு ஃபோர்ஆமை உள்ளே ஒரு போல்ட் வைத்துக் கைப்பிடிப் பகுதியோடு இணைப்பார்கள். அந்த இணைப்பு தளர்ந்தால் அடிக்கும்போது ஒரு சலசலப்பு கேட்கும். பழைய கியூ வாங்கும்போது அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

மூன்றாவது முறை, கணினி இயந்திரத்தால் மேற்பரப்பில் குழி குடைந்து வேறு மரத்தை அல்லது சிப்பியைப் பதிப்பது. இதில் எந்த வடிவமும் சாத்தியம். நான்காவது, அச்சிட்ட தாளை ஒட்டுவது.

எது கஸ்டம் என்று கேட்டால், ஆடுபவரோடு பேசி, அவர் சொன்ன அளவுக்கு ஒரு கைவினைஞர் செய்து முடித்ததுதான் என்பேன். ஒவ்வொரு துண்டையும் அவரே வெட்டியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1912 முதல் 1975 வரை வாழ்ந்த ஜோர்ஜ் பலபுஷ்காவின் பெயர் அமெரிக்கக் கியூ வரலாற்றில் எல்லோரையும்விட உயரத்தில் இருக்கிறது. அவரே தொடக்கத்தில் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் ஸ்ப்லைஸ் செய்த தடிகளையும், பின்பு பேர்ட்டன் ஸ்பெயின், கஸ் சம்போட்டி ஆகியோர் செய்து கொடுத்தவற்றையும் வாங்கித்தான் தன் கியூக்களைச் செய்தார்.

கண்ணும் நகமும் போதும்

நல்ல வேலையைத் தெரிந்துகொள்ள விலைச்சீட்டு தேவையில்லை. கியூவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நான்கு கூர்முனைகளும் ஒரே உயரத்தில் முடிகின்றனவா என்று சுழற்றிப் பாருங்கள். ஆப்பு மிகச் சாய்வாக மேற்பரப்பை வந்து தொடுவதால், கடைசலில் மையம் வெறும் 0.2 மி.மீ. விலகினாலே எதிரெதிர் முனைகளுக்கிடையே ஒரு செ.மீ. வரை உயர வித்தியாசம் வந்துவிடும். அதாவது, முனைகள் சமமாக நிற்கும் கியூவில் மரம் வேலையின் நடுவில் வளையவில்லை, கைவினைஞர் அவசரப்படவும் இல்லை. முனைகளின் சமச்சீரைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் மற்ற அலங்காரமெல்லாம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

அடுத்து முனையின் நுனி. V பள்ளத்தில் ஒட்டிய ஆப்பு ஊசிபோல முடியும். இயந்திரம் குடைந்த குழியின் மூலைகள், வெட்டும் அலகு உருண்டையாக இருப்பதால், சற்று மழுங்கி இருக்கும். மழுங்கியது மோசடி என்று அர்த்தமில்லை. கையால் கூராக்கும் நுணுக்கமான கைவினைஞர்களும் உண்டு. ஆனால் மழுங்கிய முனைக்கு ஸ்ப்லைஸ் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். வெனியர் கோடுகள் நுனியில் சந்திக்கும் இடத்தில் பசைக் கறுப்பு, இடைவெளி, ஒரு நிறம் தடித்து மறுநிறம் மெலிந்து போவது ஆகியவற்றையும் பாருங்கள். ஒட்டிய தாளை உருப்பெருக்குக் கண்ணாடி காட்டிக்கொடுக்கும்: மரத்தின் நாருக்குப் பதிலாக அச்சுப் புள்ளிகள் தெரியும்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு வளையங்கள்மீதும் பதிப்புகள்மீதும் நகத்தை ஓட்டுங்கள். படி தட்டினால் ஒன்று மரம் சுருங்கியிருக்கிறது, அல்லது வார்னிஷுக்கு முன் சரியாகத் தேய்க்கவில்லை.

கியூ நேராக இருக்கிறதா என்று பரிசோதிக்க அதை மேசைமீது உருட்டுவது எல்லோரும் செய்வது. முழுக் கியூவை உருட்டினால் மட்டும் போதாது. முதலில் ஷாஃப்டைத் தனியாக உருட்டுங்கள், பிறகு பட்டைத் தனியாக. இரண்டும் சீராக உருண்டு, பொருத்தியதும் ஜொயின்ட் துள்ளினால், மரம் வளையவில்லை. ஜொயின்டின் முகம் செங்குத்தாக வெட்டப்படவில்லை, அல்லது அங்கே தூசு இருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஷாஃப்ட் தனியாகவே துள்ளினால் அது வளைந்த மரம். சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. நிமிர்ந்தது பெரும்பாலும் திரும்பவும் வளையும்.

உங்கள் அளவு

செய்விப்பதன் உண்மையான பயன் இங்கேதான். பாரம் பொதுவாக 18 முதல் 21 அவுன்ஸ், அதாவது 510 முதல் 595 கிராம். தெரியாவிட்டால் 19 அவுன்ஸில் தொடங்குங்கள். பட்டின் அடியில் உள்ள போல்ட்டை மாற்றிப் பாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் போல்ட் எப்போதும் பின்பக்கத்தில் இருப்பதால் கூட்டும்போது சமநிலைப் புள்ளியும் பின்னால் போகும். விரலில் வைத்தால் கியூ சரியாமல் நிற்கும் இடம் அந்தப் புள்ளி. பெரும்பாலான கியூக்களில் அது பட்டின் அடியிலிருந்து 46 முதல் 48 செ.மீ. தூரத்தில் இருக்கும். நீங்கள் விரும்பும் பாரத்தோடு இந்தத் தூரத்தையும் சேர்த்துக் கைவினைஞருக்குச் சொல்ல வேண்டும். பாரத்தை மட்டும் சொல்லிவிட்டு, வந்த கியூ 'முன்னால் இழுக்கிறது' என்று குறைப்படுபவர்கள் அதிகம்.

நீளத்துக்கு, குனிந்து குறி பார்க்கும் நிலையில் டிப் பந்தைத் தொடும்போது உங்கள் முன்கை நிலத்துக்குச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். அப்போது கை பட்டின் கடைசி விளிம்பில் இருந்தால் 58 அங்குலம் உங்களுக்குப் போதாது, 60 கேளுங்கள்.

டேப்பர் என்பது ஷாஃப்ட் நுனியிலிருந்து பின்னால் போகப்போக எப்படித் தடிக்கிறது என்பது. பூல் ஆடுபவர்கள் பலர் விரும்புவது, நுனியிலிருந்து 25 முதல் 38 செ.மீ. வரை ஒரே விட்டத்தில் ஓடி அதன்பின் தடிப்பது. விரல் வளையத்துக்குள் வைத்து ஆடுபவருக்கு அது இலகு. ஸ்னூக்கரிலிருந்து வந்து, கையைத் திறந்து வைத்து ஆடுபவர் சீராகத் தடிக்கும் டேப்பரையே கேட்கலாம். மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

டிப்பை மாற்றுவது மலிவு. ஆகவே வேறெதையும் மாற்றுவதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள். மென்மையானது சோக்கை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் நசுங்கிக் குடைபோல விரியும். கடினமானது வடிவம் காக்கும், சோக் பூச மறந்தால் வழுக்கும். தொடங்குபவருக்கு நடுத்தரக் கடினமுள்ள அடுக்குத்தோல் டிப் பொருந்தும்.

ஆகவே செய்விப்பவர் கையோடு கொண்டுபோக வேண்டியவை: நீளம், பாரம், சமநிலைப் புள்ளி, டிப் விட்டம், டேப்பர்.

கொழும்பின் ஈரம்

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு ஒத்துப்போகும்வரை ஈரத்தை வாங்கிக்கொண்டோ விட்டுக்கொண்டோ இருக்கும். 27 பாகை வெப்பத்தில், காற்றின் ஈரப்பதன் 50 சதவீதமானால் மரத்துக்குள் நிற்கும் ஈரம் சுமார் 9 சதவீதம். ஈரப்பதன் 80 ஆனால் அது சுமார் 16. உலர்ந்த ஊரில் செய்த மேப்பிள் ஷாஃப்ட் வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த அறைக்கு வந்தால் இந்த இடைவெளியைக் கடக்க வேண்டும். மேப்பிள் நீளவாக்கில் மாறுவதே இல்லை எனலாம். குறுக்காகப் பருக்கும், அதுவும் வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 13 மி.மீ. ஷாஃப்டின் விட்டம் ஒரு திசையில் 0.3, அதற்குக் குறுக்கான திசையில் 0.15 மி.மீ. பருக்கும் அளவு அது. நார் நேராக ஓடும் மரத்தில் இது தெரியவே வராது. நார் சாய்ந்து ஓடும் மரத்தில் வளைவாக வெளிப்படும். ஆகவே ஷாஃப்டில் நார்க்கோடுகள் நுனியிலிருந்து அடிவரை தப்பாமல் ஓடுகின்றனவா என்பதை வேறெதற்கும் முன்னால் பாருங்கள்.

நல்ல கைவினைஞர் ஷாஃப்டை ஒரே தடவையில் கடைவதில்லை. ஒரு மெல்லிய படை எடுப்பார், வாரக்கணக்கில் தொங்கவிடுவார், வளைந்தால் ஒதுக்கிவிடுவார், வளையாததை மறுபடி கடைவார். காத்திருக்கும் மாதங்களில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. அந்தக் காலத்தைக் குறைக்கச் சொல்லி நெருக்குவது நமக்கே பாதகம்.

ஈரம் நாரின் வெட்டுமுகம் வழியாகப் பல மடங்கு வேகமாக உள்ளே போகும். ஜொயின்ட் முகத்தை மூடும் திருகு மூடிகளை வாங்கி எப்போதும் போட்டு வையுங்கள். கியூவைச் சுவரில் சாய்த்து வைப்பதும், வெயிலில் நிறுத்திய வாகனத்தில் விட்டுப்போவதும் இங்கே கியூ கெடுவதற்கு முதற்காரணங்கள். சூட்டில் பசை இளகும், சாய்ந்த மரம் அந்த வடிவிலேயே நிற்கும். பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். ஷாஃப்ட் பிசுபிசுத்தால் உலர்ந்த துணியால் அழுத்தித் தேயுங்கள். சாண்ட் பேப்பரை எடுத்தால் ஒவ்வொரு முறையும் விட்டம் குறையும், கேட்டு வாங்கிய 12.75 மி.மீ. இரண்டு வருடத்தில் 12.5 ஆகிவிடும். வியர்வைக்குப் பவுடர் போடாமல் கையுறை போடுங்கள். பவுடர் மேசைத் துணியைக் கெடுக்கும். அதிகம் வியர்க்கும் கைக்கு நூல் சுற்றிய பிடி பொருந்தும். வெறும் வார்னிஷ் பிடி நமது புழுக்கத்தில் வழுக்கும்.

காபன் ஃபைபர் ஷாஃப்டை இந்த ஈரம் தொடாது. அழகான பட் ஒன்றைச் செய்வித்து, அதற்கு ஒரு மேப்பிள் ஷாஃப்டும் ஒரு காபன் ஷாஃப்டும் வைத்துக்கொள்வது கொழும்புக்கு நல்ல ஏற்பாடு.

ஓடர் கொடுக்கும்போது

ஜொயின்டின் திருகு அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 3/8-10, 5/16-14, 5/16-18, ரேடியல், யூனி-லொக் என்று பல உண்டு, ஒன்று மற்றதோடு பொருந்தாது. அரிதான திருகைத் தேர்ந்தால் பிற்பாடு வேறு ஷாஃப்ட் வாங்க முடியாமல் திண்டாட வேண்டும். முதலிலேயே இரண்டு ஷாஃப்ட் கேளுங்கள், ஒரே மரப்பலகையிலிருந்து, ஒரே பாரத்தில்.

மரங்களின் பெயர்களைப் பட்டியலாக வாங்குங்கள். யானைத் தந்தம் எந்த வடிவிலும் வேண்டாம். பழைய கியூக்களில் ஃபெரூலும் வளையங்களும் தந்தமாக இருக்கக்கூடும், எல்லை தாண்டும்போது அது குற்றமாகலாம். ரோஸ்வுட் இனங்களின் சர்வதேச வணிகமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நமது கருங்காலியைக் கொடுத்துச் செய்விக்கலாமே என்று பலருக்கு ஆசை வரும். இலங்கையில் அதை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும். பழைய தளபாடத்திலிருந்து எடுத்த மரமானாலும், அது எங்கிருந்து வந்தது என்பதற்கான பத்திரம் இல்லாமல் அனுப்ப முயல வேண்டாம்.

பணத்தைப் பிரிக்க ஒரு வழி: முதல் கியூவுக்கு ஷாஃப்டிலும் டிப்பிலும் குறை வைக்காதீர்கள், பட் எளிமையாக இருக்கட்டும். ஒரு வருடம் ஆடி உங்கள் பாரமும் சமநிலைப் புள்ளியும் உறுதியான பிறகு, நான்கு கூர்முனையும் நான்கு வெனியரும் கொண்ட பட்டை அதே திருகில் செய்வியுங்கள். உங்கள் பழைய ஷாஃப்ட் அதில் அப்படியே பொருந்தும்.

பெட்டி வந்து சேர்ந்ததும் கியூவைப் பொருத்தி ஆடத் தொடங்க வேண்டாம். பையைத் திறந்து, நீங்கள் வழக்கமாகக் கியூ வைக்கும் அறையில் இரண்டு வாரம் படுக்கை நிலையில் விடுங்கள். வந்த அன்றும், அந்த இரண்டு வாரத்தின் பின்பும் ஷாஃப்டையும் பட்டையும் தனித்தனியாக உருட்டிப் பார்த்துக் குறித்துவையுங்கள். இரண்டாம் முறை வித்தியாசம் தெரிந்தால், அந்தக் குறிப்போடு கைவினைஞருக்கு அறிவியுங்கள். ஷாஃப்டை மாற்றித் தரும் பொறுப்பை எத்தனை மாதம் ஏற்பார் என்பதை ஓடர் கொடுத்த நாளிலேயே கேட்டிருக்க வேண்டும்.